மின்காந்தவியற் பரீட்சைக்கு ஆயத்தமாதல்



காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். இன்று விஞ்ஞானப் பட்டம் பெற விரும்பும் மாணவருக்கு, வந்தாறுமூலையிலேயே 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. பௌதிகவியல் பயில்வோர் பலரை மருட்டுவது நுண்கணிதத்தோடு கூடிய மின்காந்தவியல். சூத்திரங்களை மனனஞ் செய்து மண்டபம் புகுவோர், வினா சிறிது உருமாறினும் திகைப்பர். அவர்களின் பட்டமே இதனால் தடைப்படலாம்.

தொகையீட்டுக் குறியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சிறு துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டுவதே அதன் பொருள். மட்டக்களப்பு வாவியில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அத்தாங்கைப் பிடித்தால், அதன் வாயினூடே மிகுந்த நீர் செல்லும், சாய்த்தால் குறையும், வாயின் தளத்தை ஓட்டத்துக்குச் சமாந்தரமாக்கினால் நீர் புகாது. ஒரு பரப்பினூடான மின்பாயமும் இத்தகையதே. சூத்திரத்தில் கோசைன் வருவதன் காரணமும் இதுவே.

ஆகவே முதலிற் படம் வரைக, சமச்சீரை நோக்குக. ஏற்றம் பெற்ற கோளத்துக்குக் கோளப் பரப்பும், நீண்ட கம்பிக்கு உருளைப் பரப்பும் பொருந்தும். பரப்பெங்கும் புலம் ஒரே அளவினதாய்ச் செங்குத்தாக நிற்பின், அது தொகையீட்டுக்கு வெளியே வந்துவிடும், எஞ்சுவது பரப்பளவே. சமச்சீர் இல்லாவிடினும் கவுசின் விதி பொய்ப்பதில்லை. ஆயினும் அதனால் மட்டும் புலத்தைக் காணல் அரிது. அப்பொழுது கூலோமின் விதியைக் கொண்டு துண்டு துண்டாகத் தொகையிடல் வேண்டும். எவ்விடத்து எம்முறை என்று தெளிதலே பயிற்சியின் நோக்கம்.

பரடே 1831இற் கண்ட தூண்டல் விதியிலும் மாணவர் இடறுவதுண்டு. பாயம் எவ்வளவு பெரிது என்பதன்று வினா. எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதே. அசையாப் புலத்திற் கம்பிச் சுருளைத் திருப்பினாலும், அத்தாங்கைத் திருப்பியது போலப் பாயம் மாறும், மின்னியக்கவிசை தோன்றும். தூண்டப்பட்ட மின்னோட்டம் அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும்.

விடை கண்டபின் அதன் அளவையும் சோதிக்க. நீண்ட நேர்க்கம்பியில் 10 அம்பியர் பாய்கையில், 5 சென்ரிமீற்றர் தூரத்திற் காந்தப்புலம் ஒரு தெசுலாவின் இலட்சத்தில் 4 பங்காகும். இது ஏறத்தாழப் புவியின் காந்தப்புலத்துக்கு ஒப்பானது. விடை 4 தெசுலா என வந்தால், எங்கோ வழு நேர்ந்திருத்தல் உறுதி.

நாள்தோறும் இரண்டொரு கணக்கையேனும் புத்தகத்தை மூடிவைத்துத் தாமாகவே செய்து முடிக்கும் மாணவர், பரீட்சை மண்டபத்திலும் கலங்கார்.