நூறு ஒளித்துகள் புறப்பட்டால் ஆயர் ஈத்தாமுக்கு ஒன்று

சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன், ஆயர் ஈத்தாமில் இருக்கும் தங்கையின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறார். கைத்தொலைபேசியில் இரண்டு தட்டு, வேலை முடிந்தது. அந்தச் செய்தி பெரும்பாலான தூரத்தை ஒளியாகத்தான் கடக்கிறது. தலைமுடி அளவே கனமுள்ள கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளி மின்னி மின்னிப் பாய்வதைத்தான் நாம் இணையம் என்கிறோம். வழியில் யாரேனும் அந்த இழையை லேசாக வளைத்து, கசியும் ஒளியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் அனுப்பிய அண்ணனுக்கும் தெரியாது, பெற்றுக்கொண்ட தங்கைக்கும் தெரியாது.

அப்படி எடுத்தாலும் படிக்க முடியாதபடி செய்தி கணிதப் பூட்டுப் போட்டு அனுப்பப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டுகளில் முக்கியமானவற்றைக் குவாண்டம் கணினி ஒன்று உடைத்துவிட முடியும் என்று 1994-ஆம் ஆண்டிலேயே பீட்டர் ஷோர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காட்டிவிட்டார். அவ்வளவு பெரிய கணினி இன்னும் உருவாகவில்லை. கவலை அதனால் தீர்ந்துவிடாது. பூட்டிய செய்தியை இன்றே நகலெடுத்து வைத்துக்கொண்டு, சாவி கிடைக்கும் நாளில் திறந்துகொள்ளலாம் அல்லவா? அண்ணன் அனுப்பிய இருநூறு வெள்ளிக் கணக்கு இருபது ஆண்டுகள் கழித்து யாருக்கும் தேவைப்படாது. மருத்துவமனைப் பதிவுகளும் நிலப் பத்திரங்களும் நாட்டின் தற்காப்புச் செய்திகளும் அப்படியல்ல.

ஒட்டுக் கேட்பவனை ஒளியே காட்டிக்கொடுக்கும்படி செய்ய முடியுமா? உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் முயற்சி இதுதான். அவற்றுள் முக்கியமான ஒன்று ஆயர் ஈத்தாமிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 95 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப மையம் அது.

ஒளியை எண்ணி எடுப்பது

ஒளி தண்ணீர் போல் தொடர்ந்து பாய்வதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது மணல் போன்றது, ஃபோட்டான் எனப்படும் துகள்களாக வருகிறது. கடையில் விற்கும் சின்னச் சிவப்பு லேசர் சுட்டுகோல்கூட விநாடிக்கு முப்பது கோடி கோடி துகள்களை உமிழ்கிறது. இந்த வெள்ளத்திலிருந்து ஒரே ஒரு துகளைப் பிரித்து, எப்போது வந்தது, எந்தத் திசையில் அதிர்ந்தது என்று பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் அன்றாட வேலை.

அதிர்வுத் திசை என்றால் என்ன? போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இது தெரியும். சாலையில் பட்டுத் தெறிக்கும் கூச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிர்கிறது. கண்ணாடி அதைத் தடுத்து, செங்குத்தாக அதிர்வதை மட்டும் விடுகிறது. இந்த அதிர்வுத் திசையை அளப்பதிலும் திருப்புவதிலும் நம்மவர் ஒருவரின் பெயர் உலகப் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம், பெங்களூரில் உள்ள ராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்தபோது 1956-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை வெகுகாலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 35 வயதில், 1969-இல் அவர் மறைந்தார். இன்று 'பஞ்சரத்தினம் கட்டம்' என்ற சொல் இல்லாமல் ஒளியியல் ஆய்வு நகராது. ராமனைத் தெரிந்த அளவுக்கு நம் பிள்ளைகளுக்கு இவரைத் தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

அதிர்வுத் திசையையே ரகசியச் சாவியாக்கலாம் என்ற முதல் திட்டமும் பெங்களூரில்தான் உலகுக்குச் சொல்லப்பட்டது. சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் என்ற இருவர் 1984 டிசம்பரில் அங்கு நடந்த ஒரு மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். ஒற்றைத் துகளைப் பாதியாகப் பிரிக்க முடியாது, அச்சு அசலாக நகலெடுக்கவும் முடியாது. தொட்டுப் பார்த்தால் அதன் நிலை கலைந்துவிடும். திருடன் கைவைத்தால் தடயம் விழும் என்பதே அந்தத் திட்டத்தின் உயிர்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1991-இல், ஆர்ட்டர் எக்கர்ட் ஒரு படி மேலே போனார். பின்னாளில் சிங்கப்பூர் மையத்தின் முதல் இயக்குநராக வந்தவர் இவர்தான். அவர் கையில் எடுத்தது பிணைந்த துகள்களை.

ஒரு தனிவகைப் படிகத்தின் வழியே ஊதா நிற லேசரைச் செலுத்தினால், ஏறக்குறைய எல்லாத் துகள்களும் அப்படியே வெளியேறிவிடும். கோடிக்கணக்கானவற்றில் எப்போதோ ஒன்று மட்டும் இரண்டாகப் பிறக்கும். இரண்டின் ஆற்றலையும் கூட்டினால் தாய்த்துகளின் ஆற்றல் வரும். படிகங்களைச் சரியாக அடுக்கி வைத்தால், இந்த இரட்டையர் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் ஒன்றின் அதிர்வுத் திசை மற்றதோடு ஒத்துப்போகும்.

'இதில் என்ன அதிசயம்? ஒரு ஜோடிச் செருப்பை இரண்டு பெட்டியில் போட்டு அனுப்பினால், ஒருவர் பெட்டியில் இடது கால் செருப்பு இருந்தால் மற்றவரிடம் வலது கால் செருப்பு இருக்கத்தானே வேண்டும்?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஐன்ஸ்டைனும் ஏறத்தாழ இதைத்தான் கேட்டார், மற்ற விளக்கத்தைப் பேய் வேலை என்று கேலியும் செய்தார். 1964-இல் ஜான் பெல் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு சோதனையைச் சொன்னார். துகள்கள் செருப்பு ஜோடி போல முன்கூட்டியே முடிவாகி வந்தவை என்றால், பல கோணங்களில் அளந்து போடும் ஒரு கணக்கின் விடை 2-ஐத் தாண்டக் கூடாது. உண்மையிலேயே பிணைந்தவை என்றால் 2.83 வரை போகலாம். அளந்து பார்த்தார்கள், 2-ஐத் தாண்டியது. அந்தச் சோதனைகளுக்காகத்தான் 2022-இல் ஆலன் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எக்கர்ட் இதைக் காவலாளி ஆக்கினார். அண்ணனுக்கு ஒரு துகள், தங்கைக்கு ஒரு துகள். இருவரும் தங்கள் விருப்பம்போல் ஏதோ ஒரு கோணத்தில் அளக்கிறார்கள். பிறகு சாதாரணத் தொலைபேசியில் கோணங்களை மட்டும் ஒப்பிடுகிறார்கள், விடைகளைச் சொல்வதில்லை. கோணம் ஒத்துப்போன இடங்களில் இருவர் கையிலும் ஒரே விடை இருக்கும். அந்த விடைகளின் வரிசைதான் சாவி. மீதமுள்ள அளவுகளை வைத்துப் பெல் கணக்கைப் போட்டால் விடை 2-க்கு மேல் நிற்க வேண்டும். நடுவில் ஒருவன் துகள்களைப் பிடித்து அளந்திருந்தால் பிணைப்பு அறுந்து, விடை கீழே விழுந்துவிடும். அந்தச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு சாவி செய்துகொள்ள வேண்டியதுதான்.

தூரம் என்னும் எதிரி

இதெல்லாம் ஆய்வுக்கூட மேசையில் அழகாக நடக்கும். தொல்லை தூரத்தில் தொடங்குகிறது. மிகத் தரமான கண்ணாடி இழையிலும் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறைந்துவிடும். 100 கிலோமீட்டரில் மிஞ்சுவது ஒரு விழுக்காடு. சிங்கப்பூர் மையத்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு இழை போட்டு நூறு துகள்களை அனுப்பினால், வந்து சேர்வது ஒன்றே ஒன்று. பரவாயில்லை, அதை வைத்துச் சமாளிக்கலாம். பினாங்குக்கு அனுப்பினால்? 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லட்சம் கோடியில் ஒன்றுதான் பிழைக்கும். விநாடிக்கு நூறு கோடி துகள்கள் அனுப்பினாலும், ஒன்று வந்து சேரப் பதினேழு நிமிடம் ஆகும்.

சாதாரணத் தொலைத்தொடர்பில் வழிநெடுகப் பெருக்கிக் கருவிகள் வைத்து ஒளியை மீண்டும் பலப்படுத்துவார்கள். இங்கே அது நடக்காது. பெருக்குவது என்றால் நகலெடுப்பது. நகலெடுக்க முடியாது என்பதுதான் இதன் பாதுகாப்பே! பலமே பலவீனமாகிவிட்ட கதை.

தீர்வு வானத்தில் இருந்தது. காற்று மண்டலத்தின் அடர்த்தியான பகுதி தரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். அதற்கு மேல் வெற்றிடம், அங்கே ஒளியை விழுங்க ஒன்றுமில்லை. சீனா 2016-இல் ஏவிய மீசியஸ் துணைக்கோளம், மறு ஆண்டே 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு நிலையங்களுக்குப் பிணைந்த துகள்களை அனுப்பிக் காட்டியது. விநாடிக்கு 59 லட்சம் ஜோடிகளை உண்டாக்கியதில், இரு பக்கமும் சேர்ந்து கிடைத்தது விநாடிக்கு ஏறக்குறைய ஒரு ஜோடி. கேட்கச் சொற்பம்தான். அதே தூரத்துக்கு இழையில் அனுப்பியிருந்தால் ஒரு ஜோடிக்காகப் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சீனத் துணைக்கோளம் அறுநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. சிறிய நாடான சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், வெட்டவெளியில் 1.5 கிலோமீட்டர் தூரத்துக்குப் பிணைந்த துகள்களை அனுப்பி, பத்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் சாவி எடுத்திருந்தார்கள். பிறகு அலெக்சாண்டர் லிங் தலைமையிலான குழு அந்தக் கருவியைக் கையடக்கமாகச் சுருக்கியது. அப்படிச் செய்த ஒரு கருவி 2014 அக்டோபர் 28-இல் அமெரிக்காவிலிருந்து அந்தாரிஸ் ஏவுகணையில் புறப்பட்டது. தரையை விட்டு எழுந்த சில விநாடிகளில் ஏவுகணை வெடித்துச் சிதறியது. சிதைவுகளுக்கு நடுவே கருவியைத் தேடி எடுத்து இயக்கிப் பார்த்தபோது, அது முன்பு போலவே வேலை செய்தது! விண்வெளிக்குத் தாங்குமா என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ஏவுகணை சுமந்து சென்ற கலாசியா துணைக்கோளத்தில் அதே வகைக் கருவி விண்ணுக்குப் போனது. 2019 ஜூனில், அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து ஸ்பூக்கி-1 விடுவிக்கப்பட்டது. ஐன்ஸ்டைனின் பேய்க் கேலியையே பெயராக வைத்துக்கொண்ட அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அதற்குள் பிறந்த ஜோடிகளைக் கொண்டு பெல் கணக்கைப் போட்டபோது வந்த விடை 2.60. ஸ்பூக்கி தரைக்கு ஒளி அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிசிப் பை அளவு எடையில், விண்வெளியின் வெப்பத்துக்கும் குளிருக்கும் நடுவே, பிணைந்த துகள்களை உண்டாக்கி அளக்கலாம் என்பதை மட்டும் அது காட்டியது.

பூட்டு சரி, கதவு?

இதைக் கேட்டதும் 'இனி யாராலும் திருட முடியாது' என்று விளம்பரம் செய்பவர்கள் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்பே பதில் சொன்னவர்களும் இதே சிங்கப்பூர் ஆய்வாளர்கள்தான். நார்வே நாட்டவருடன் சேர்ந்து அவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் இழை வழியே இயங்கிய தங்கள் சொந்தக் கருவியையே உடைத்துக் காட்டினார்கள். துகளை எண்ணும் உணரிகள் மீது பிரகாசமான ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கிவிட்டு, சாவி முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அனுப்பியவர், பெற்றவர் இருவருக்கும் ஐயமே எழவில்லை. இயற்கை விதி பொய்க்கவில்லை, மனிதன் செய்த கருவிதான் ஏமாந்தது. தங்கள் வேலையின் ஓட்டையைத் தாங்களே ஊருக்குச் சொன்ன நேர்மைக்காகவே அந்த ஆய்வு பாராட்டுக்குரியது.

எனவே தங்கையின் வங்கிக் கணக்கைக் காக்க வீட்டு மாடியில் தொலைநோக்கி வைக்க வேண்டிய தேவை எழாது. குவாண்டம் கணினிக்கும் அசையாத புதிய கணிதப் பூட்டுகளை அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. அவை மென்பொருளைப் புதுப்பிக்கும்போதே நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும். பிணைந்த துகள்களின் இடம் வேறு. பல ஆண்டுகள் மறைந்திருக்க வேண்டிய செய்தியை இரண்டு தலைநகரங்களுக்கோ இரண்டு மத்திய வங்கிகளுக்கோ இடையில் காப்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அதற்கும் நம் பக்கத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. தாழ்வாகச் சுற்றும் துணைக்கோளம் ஓர் ஊருக்கு மேலே தெரிவது ஒரு சுற்றுக்கு ஒருசில நிமிடங்கள்தான். சூரிய ஒளியில் ஒற்றைத் துகளைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், இரவில் வருவதே வசதி. ஜோடியில் ஒன்று சிங்கப்பூருக்கும் மற்றது கோலாலம்பூருக்கும் இறங்க வேண்டுமென்றால், அந்தச் சில நிமிடங்களில் இரண்டு ஊர் வானமும் ஒருசேர மேகமில்லாமல் இருக்க வேண்டும். ஜொகூரின் நவம்பர், டிசம்பர் மழை இரவுகளைப் பார்த்தவர்களுக்கு, ஆய்வாளர்கள் எத்தனை சுற்றுகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.