முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

வீட்டுப் பேச்சு

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலியாம். பேசாம முழுசா மயக்கம் குடுத்துடச் சொல்லுங்க." சிசேரியன் என்றதும் பல வீடுகளில் கிளம்பும் பேச்சு இது. தீராத இடுப்பு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பத்து மாதம் சுமந்த இடுப்பு, ஊசி போடாவிட்டாலும் வலிக்கும். முழு மயக்கத்தைக் கேட்டு வாங்கத்தான் யோசிக்க வேண்டும்.

நியூயார்க் கணக்கு

2006 முதல் 2013 வரை நியூயார்க் மாநிலத்தில் நடந்த 4,28,204 சிசேரியன்களின் பதிவுகளை கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். அந்தத் தாய்மாரில் சுமார் 8 சதவீதத்தினருக்கு முழு மயக்கம். மருத்துவமனையில் சேர்க்குமளவு கடுமையான மனச்சோர்வுக்கான வாய்ப்பு இவர்களுக்கு 54 சதவீதம் அதிகம். தற்கொலை எண்ணம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு 91 சதவீதம் அதிகம். மிரள வேண்டாம், மொத்தத்தில் ஆயிரத்தில் மூவருக்குத்தான் இவ்வளவு கடுமையான மனச்சோர்வு.

மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. முதுகில் ஊசி போட்டுக்கொண்டவள் விழித்திருக்கிறாள். முதல் அழுகை காதில் விழுகிறது, பிள்ளையைக் கன்னத்தோடு ஒட்டிக் காட்டுகிறார்கள். முழு மயக்கத்தில் இருந்தவள் தொண்டை எரிய, தலை கனக்கக் கண் விழிக்கும்போது உறவுக்காரர்கள் எல்லாரும் பிள்ளையைப் பார்த்தாகிவிட்டது. தையல் வலி வேறு, தாய்ப்பாலும் தள்ளிப்போகிறது. முழு மயக்கம் பெரும்பாலும் அவசரத்தில் தரப்படுவது என்பதால், அந்தப் பதற்றத்துக்கும் இதில் பங்கிருக்கலாம்.

மறுக்கக் கூடாத நேரம்

பிள்ளையின் இதயத்துடிப்பு திடீரென்று இறங்கினால், தாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால், முழு மயக்கமே உயிர் காக்கும். அப்போது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாதம் கூடாது.

உட்கார்ந்தால் இடிக்கும் தலை

முதுகு ஊசிக்கும் ஒரு தொல்லை உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம் ஊசித் துளை வழியே கசிந்தால், எழுந்து உட்கார்ந்ததும் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும். 1898-இல் இந்த முறையைக் கொண்டுவந்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியரே இதில் சிக்கிப் பல நாள் படுத்துக் கிடந்தார். இப்போதைய மெல்லிய ஊசிகளால் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. வந்தால் மயக்க மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். தீராத வலிக்குத் தாயின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்திக் கசிவை அடைப்பார்கள்.

வீடு திரும்பிய பிறகு

நியூயார்க் ஆய்வில் கடுமையான மனச்சோர்வு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது வீடு திரும்பி மாதங்கள் கழித்தே தெரிந்தது. "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் அழுவா" என்று விட்டுவிடுவது இங்கே வழக்கம். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே. தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம்.