உறைபனியால் நிலம் உயர்தல்

கனடா, ஸ்வீடன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதி முதலிய குளிர்ப் பிரதேசங்களில், குளிர்காலம் கழிந்தபின் வயலைப் பார்வையிடும் குடியானவன், மண்ணுள் மறைந்திருக்கவேண்டிய குதிரைமசால் வேர்கள் இரண்டோர் அங்குலம் வெளியே நீட்டி நிற்பதைக் காண்பதுண்டு. நிலம் உறைந்து மேலெழும்போது செடியின் கழுத்தைப் பற்றித் தூக்குகின்றது. பனி இளகியபின் மண் தாழ்கின்றது; வேரோ பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. ஆணிவேர் அறுபட்டால் செடி மாளும்.

ஜலம் உறையுங்கால் நூற்றுக்கு 9 பங்கு பருக்குமாதலால், அதுவே காரணமென்று நெடுநாள் கருதப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். மண்ணின் கனஅளவில் நூற்றுக்கு 40 பங்கு ஜலமிருந்து, 3 அடி ஆழம் உறைந்தால், நிலம் ஏறக்குறைய 1¼ அங்குலமே உயரவேண்டும். மெய்யாக அளந்தால் அதனினும் பன்மடங்கு உயர்வதுண்டு. தென் கரோலினா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்டீபன் டேபர், 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையொன்றில், உறையும்போது சுருங்கும் இயல்புடைய பென்ஸீன் என்னும் திரவத்தை ஜலத்திற்குப் பதிலாக மண்ணில் நிரப்பி உறையச் செய்தார். மண் அப்போதும் உயர்ந்தது! ஆகவே, கீழிருந்து இழுக்கப்படும் ஜலமே அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகி நிலத்தைத் தூக்குகின்றதென்பது தெளிவாயிற்று.

மண்துகள்களைச் சூழ்ந்த மெல்லிய ஜலப்படலம் பூஜ்ய டிகிரிக்குச் சற்றுக் கீழும் உறையாதிருந்து, விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை மேலே இழுக்கின்றது. பருமணலில் இவ்விழுப்பு இல்லை. கடுங்களியில் இழுப்பு மிகுதியெனினும் ஜலம் மெதுவாகவே நகரும். நடுத்தரமான வண்டலே பெரிதும் அபாயமுடையது.

இதனைக் கணிதத்தில் அடக்குதல் எளிதன்று. வியன்னா பேராசிரியர் ஸ்டெபான், துருவக் கடலின் பனிக்கட்டியைக் குறித்து 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரப்படி, உறையும் ஆழம் குளிரின் டிகிரியையும் நாட்களையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தொகை நான்கு மடங்கானால் ஆழம் இருமடங்கே. ஆயினும் இது ஆழத்தைக் கூறுமேயன்றி உயர்ச்சியைக் கூறாது. 1973இல் ஹார்லன் என்பவர் வெப்பத்தின் ஓட்டத்தையும் ஜலத்தின் ஓட்டத்தையும் ஒருங்கே கணிக்கும் முறையை வகுத்தார். 1981இல் கனடாவில் கொன்ராட், மார்கன்ஸ்டெர்ன் இருவரும் சுருக்கமான விதியொன்றைத் தந்தனர்: உறையும் விளிம்பையடுத்த மண்ணில் அங்குலத்துக்கு அங்குலம் உஷ்ணம் எவ்வளவு மாறுகின்றதோ, அந்த விகிதத்தில் ஜலம் மேலேறும். அவ்விகிதத்தை அந்தந்த மண்ணுக்குப் பரீட்சித்தே அறியவேண்டும். ஒரு மண்ணின் எண் வேறொன்றுக்கு உதவாது.

சாலையும் குழாயும் அமைக்கும் இஞ்சினீயர்களுக்கே இவ்விதிகள் பெரிதும் பயன்படுகின்றன. எனினும், குளிர், மண், ஜலம் ஆகிய மூன்றில் குடியானவன் கையில் உள்ளது எது என்பதையும் இவை காட்டுகின்றன. வானத்தின் குளிரை மாற்றவியலாது. வண்டலை மணலாக்கவும் இயலாது. வடிகால் வெட்டி அடிநீரைத் தாழ்த்தலாம். கடைசி அறுப்பில் தாளை உயரமாக விட்டுவைத்தால் அதனிடையே வெண்பனி தங்கிக் கம்பளிபோல் நிலத்தைக் காக்கும்.