உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலில் குளிரெடுப்பது ஏன்?

நெற்றியில் கை வைத்தால் சுடுகிறது. பிள்ளையோ பல் தந்தியடிக்கப் போர்வை கேட்கிறது. காரணம், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். உடல் வெப்பத்தை 37 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருப்பது அதுதான். கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்களின் தூண்டுதலால் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள், அந்த இலக்கை 39 டிகிரிக்குக்கூட ஏற்றிவிடும். அப்போது 38 டிகிரியும் மூளைக்குக் குளிராகவே படும். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடம்பெல்லாம் புல்லரிக்கும், தசைகள் நடுநடுங்கிச் சூட்டை உண்டாக்கும்.

பாராசிட்டமால் அந்த வேதிப்பொருள் உருவாவதைக் குறைக்கிறது. இலக்கு இறங்கியதும் குப்பென்று வியர்த்துக் காய்ச்சல் விடுகிறது. வெயில் தாக்கி உடம்பு கொதிப்பது வேறு கதை. அங்கே மூளை இலக்கை ஏற்றவே இல்லை, மாத்திரை பலிக்காது. தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள்.