முகட்டுக்கு மேலே ஒரு குடித்தனம்

கனடாவின் ஸ்காபரோவில் 1994ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் வாங்கியது, ஐம்பதுகளில் கட்டப்பட்ட ஒற்றைத் தட்டு வீடு. அடுத்த ஏப்ரல் இரவொன்றில் படுக்கையறை முகட்டுக்கு மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "மரநாய்" என்றார். ஊரில் ஓட்டுக் கூரைமேல் இரவில் ஓடும் மரநாயின் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அது ரக்கூன் என்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

சித்தப்பா ஒரு கம்பிக் கூட்டை வாடகைக்கு எடுத்து, மீன் ரின் ஒன்றை உடைத்து உள்ளே வைத்தார். இரண்டாம் இரவே பிடிபட்டது. காரில் ஏற்றி ரூஜ் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு வந்தார். "தூரக் கொண்டுபோய் விட்டாச்சு. அலுவல் முடிஞ்சுது." கூரையோரத்து ஓட்டையை ஒரு பலகைத் துண்டால் அடைத்தோம்.

அன்றிரவு முகட்டுக்குள் கீச்சுக் குரல்கள் கேட்டன. மூன்று நாள் கேட்டன. நாலாம் நாள் இல்லை. நாங்கள் கொண்டுபோய் விட்டது ஒரு தாயை. ரக்கூன் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும் என்பதும், குட்டிகள் தாயின் பின்னால் வெளியே நடக்க எட்டு வாரமளவில் ஆகும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. நாற்றம் தாங்காமல் அப்பா முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, தும்புத்தடியும் குப்பைப் பையுமாக மேலே ஏறினார். இறந்த குட்டிகளை எடுத்தார். காய்ந்த எச்சத்தைக் கூட்டி அள்ளி, பிளீச் ஊற்றிவிட்டு இறங்கினார். தலைமுடியெல்லாம் தூசு. அம்மா அன்று சமைக்கவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குத் தெரிந்த வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் முறை. பூச்சி உருண்டையைக் கூரைக்குள் எறிவார்கள், வானொலியை உரத்து வைப்பார்கள், கூடு வைத்துப் பிடிப்பார்கள். மிருகம் போனால் வேலை முடிந்தது.

சென்ற ஆண்டு மே மாதம் தங்கையின் வீட்டு முகட்டிலும் அதே காலடி கேட்டது. விலங்கு அகற்றும் வேலை செய்யும் தம்பி ஒருவர் பார்க்க வந்தார். கூடு எதுவும் கொண்டுவரவில்லை. வெப்பத்தைக் காட்டும் கமராவும் ரோர்ச்சும் கையுறையும்தான். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெட்டியில் வைத்து, கூரையில் ஓட்டைக்கு அருகே பொருத்தினார். ஓட்டையில் வெளியே மட்டும் திறக்கும் கதவொன்றைப் போட்டார். இரை தேட வெளியே போன தாய், இருட்டில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விட்டது. தாய் ரக்கூனுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வளை இருக்கும்.

தூரக் கொண்டுபோய் விடாததற்குப் பின்னால் சட்டமும் உண்டு. ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிடித்த விலங்கை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் விடக்கூடாது. தெரியாத இடத்தில் விட்ட விலங்குக்கு இரையும் தெரியாது, ஒதுங்க இடமும் தெரியாது. நோயும் அதனுடன் பயணம் செய்யும். பல ஆண்டுகள் காணாதிருந்த ரக்கூன் விசர்நோய், 2015 டிசம்பரில் ஹமில்ரனில் மீண்டும் தென்பட்டது. முகட்டில் இருப்பது வௌவால் என்றால் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சிறு பழுப்பு வௌவால் 2013 முதல் இம்மாகாணத்தில் அருகிவரும் இனம். குட்டிகள் பறக்கும்வரை, கோடையின் கடைசிவரை, பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

தாய் போனபின் தங்கை, "அப்ப முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். "இல்லை அக்கா, இனித்தான் வேலை தொடங்குது" என்றார் அந்தத் தம்பி.

ரக்கூன் தான் தங்கும் இடத்தில் ஒரு மூலையையே கழிப்பிடமாக வைத்துக்கொள்ளும். அந்த எச்சத்தில் ஓர் உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். சில வாரங்களில் அவை தொற்றக்கூடியவையாகி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனிதருக்குத் தொற்றுவது அரிது. தொற்றினால் மூளையையும் கண்ணையும் தாக்கலாம். பிளீச் அவற்றைக் கொல்லாது, கொதிநீரும் நீராவியும் கொல்லும். அப்பா ஊற்றிய போத்தல்கள் என் நினைவுக்கு வந்தன.

தங்கை வீட்டில் மேலே ஏறிய வேலையாட்கள் உடல் முழுவதும் மூடும் உடையும் வடிகட்டி வைத்த முகக்கவசமும் அணிந்திருந்தார்கள். வாசலிலிருந்து ஏணிவரை பிளாஸ்ரிக் விரித்தார்கள். எச்சத்தை முதலில் நனைத்து, தூசு கிளம்பாமல் அள்ளி, இரட்டைப் பைகளில் கட்டினார்கள். மிதிபட்டு, சிறுநீர் ஊறிக் கிடந்த வெப்பக்காப்புப் பஞ்சை, வெளியே நின்ற வண்டியிலிருந்து இழுத்த தடித்த குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். மரச்சட்டங்களுக்கு நீராவி பிடித்தார்கள். கடிபட்ட வயரை மின்பணியாளர் மாற்றினார். பழைய வீடுகளில் பஞ்சுக்குப் பதிலாகக் கூழாங்கல் போல மினுங்கும் வேர்மிகியூலைற் கிடந்தால், சோதிக்காமல் யாரும் கை வைக்கக்கூடாது. மொன்ரானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது.

பஞ்சு முழுவதும் போனபின்தான் வீட்டின் உண்மை தெரிந்தது. குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகாமல் கூரைக்குள்ளேயே நீராவியைக் கொட்டியிருந்தது. விளக்கு வயர்கள் ஏறும் துளைகள் வழியாக வீட்டுச் சூடு மேலே போயிருந்தது. அந்தச் சூடு கூரைப் பனியை உருக்கும். உருகிய நீர் குளிர்ந்த கூரையோரத்துக்கு வந்து மறுபடி உறைந்து அணையாக நிற்கும். பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கு அடியில் ஏறி மரத்தை ஊறவைக்கும். ஊறிய மரத்தை ரக்கூனின் விரல்கள் இலகுவாகப் பிய்த்துவிடும். பழைய வீட்டில் கள்ளனைப் போல எண்ணி நாங்கள் விரட்டிய விலங்கும், பல குளிர்காலங்களாக வீடே உக்கவைத்துத் திறந்து வைத்த வழியால்தான் வந்திருக்கிறது. பலகைத் துண்டால் அடைபடக்கூடிய ஓட்டையல்ல அது.

ஆகவே தங்கை வீட்டில் எல்லாத் துளைகளையும் அடைத்தார்கள். விசிறிக் குழாயை வெளியே கொண்டுபோனார்கள். உக்கிய மரத்தை மாற்றிக் கல்வனைசுக் கம்பிவலை அடித்தார்கள். கூரையோரக் காற்றுவழி அடைபடாமல் தடுப்புகள் வைத்தார்கள். பிறகு, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த பஞ்சைப் பதினாறு, பதினேழு அங்குல உயரத்துக்கு ஊதி நிரப்பினார்கள். எங்கள் பழைய வீட்டில் நாலு அங்குலம் இருந்திருந்தால் அதிகம்.

அந்தப் பழைய வீட்டுப் படமொன்று என்னிடம் இருக்கிறது. கூரையோரத்தில் என் உயரத்துக்குப் பனியீட்டிகள் தொங்க, நானும் தங்கையும் கீழே நிற்கிறோம். அழகென்று நினைத்து ஊருக்கு அனுப்ப இரண்டு பிரதி எடுத்தோம். தெருவில் எங்கள் கூரைப் பனிதான் முதலில் உருகும். வெயில் நன்றாகப் படும் வீடு என்று அப்பா பெருமைப்படுவார். உருக்கியது நாங்கள் காசு கட்டி எரித்த சூடு.

இந்தத் தை மாதம் தங்கை வீட்டுக்குப் போனேன். கூரையில் பனி கலையாமல் கிடந்தது. ஓரத்தில் ஓர் ஈட்டிகூட இல்லை. வேலியோரம் பனியில் சின்னக் கை பதித்தது போன்ற காலடிகள் போயிருந்தன. வீட்டுப் பக்கம் திரும்பாமல், பின்வளவு மேப்பிள் மரத்தை நோக்கி.