ஃபயர்ஸ்டோருக்குப் போகும் ஜாவா ஆப்ஜெக்ட்

கூகுளின் கிளவுட் ஃபயர்ஸ்டோரில் டேபிள் கிடையாது. முன்கூட்டியே நெடுவரிசை பிரித்து வைக்கும் வேலையும் கிடையாது. ஜாவா ஆப்ஜெக்ட்டைக் கொடுத்து 'செட்' செய்தால் டாக்குமென்ட்டாகப் போய்ச் சேரும். 'டூ-ஆப்ஜெக்ட்' என்று கேட்டால் ஆப்ஜெக்ட்டாகத் திரும்பி வரும். வாசிக்கும்போது முதலில் ஒரு காலி ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, அப்புறம்தான் மதிப்புகளை நிரப்புகிறது. அதனால் ஆர்க்யூமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று கிளாஸில் கட்டாயம் வேண்டும்.

எந்த மதிப்பு எந்த ஃபீல்டுக்குப் போகும் என்பதைப் பெயரை வைத்தே ஃபயர்ஸ்டோர் லைப்ரரி முடிவு செய்கிறது. பிரைவேட் வேரியபிளின் பெயரை அல்ல, கெட்டரின் பெயரை. முன்னால் இருக்கும் 'கெட்' அல்லது 'இஸ்' என்பதை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். பலர் சறுக்குவது இங்கேதான். 'இஸ்-ஆக்டிவ்' என்று ஒரு பூலியன் வைத்திருக்கிறீர்கள். கெட்டருக்கும் அதே பெயர். டாக்குமென்ட்டில் விழுவதோ வெறும் 'ஆக்டிவ்'. 'இஸ்-ஆக்டிவ்' ட்ரூவாக உள்ளவற்றைக் கொடு என்று குவெரி போட்டால் ஒன்றும் வராது, எர்ரரும் வராது. பாதி நாளைத் தின்றுவிடும் பிழை இது. கெட்டர், செட்டர் இரண்டின் மேலும் @ப்ராப்பர்ட்டிநேம் என்ற அனோட்டேஷனைப் போட்டுப் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் யாராவது கெட்டரின் பெயரை மாற்றினாலும், 'கெட்' அல்லது 'இஸ்' என்ற தொடக்கம் இருக்கும்வரை பழைய டாக்குமென்ட்டுகளோடு தொடர்பு அறுந்துபோகாது.

இதே விதியால், கூட்டிக் கழித்துச் சொல்வதற்காக எழுதிய 'கெட்-டோட்டல்' போன்ற மெத்தடும் ஒரு ஃபீல்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தடுக்க @எக்ஸ்க்ளூட்.

டாக்குமென்ட்டின் ஐடி அதன் பாதையில் இருப்பது, உள்ளே இருக்கும் ஃபீல்டு அல்ல. @டாக்குமென்ட்ஐடி போட்ட ஸ்ட்ரிங்கில் வாசிக்கும்போது அது தானாக வந்து நிரம்பும். எழுதும்போது உள்ளே போகாது. அதே பெயரில் டாக்குமென்ட்டுக்குள் ஏற்கெனவே ஒரு ஃபீல்டு இருந்தால் எக்ஸெப்ஷன்தான்.

பயனரின் கைபேசிக் கடிகாரத்தை நம்ப முடியாது என்பதால் @சர்வர்டைம்ஸ்டாம்ப் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: எழுதும்போது அந்த இடம் 'நல்' (null) ஆக இருந்தால்தான் சர்வர் நேரத்தைப் போடும். வாசித்த ஆப்ஜெக்ட்டைத் திருத்தி அப்படியே திரும்ப எழுதினால் பழைய நேரமே நிற்கும். 'உருவான நேரம்' என்றால் இது நல்லதுதான். 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்றால் எழுதுவதற்கு முன் 'நல்' ஆக்க மறக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு தலைவலி உண்டு. டீபக் பில்டில் ஒழுங்காக ஓடியது ரிலீஸ் பில்டில் படுத்துவிடும். கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8 பெயர்களைச் சுருக்கியதில் கெட்டர்கள் அடையாளம் இழந்து, சேமிக்க ப்ராப்பர்ட்டியே இல்லை என்று லைப்ரரி கைவிரிக்கும். பப்ளிக் ஃபீல்டுகள் என்றால் இன்னும் மோசம்: சத்தமில்லாமல் 'ஏ', 'பி' என்ற பெயர்களில் டேட்டா சேரத் தொடங்கும். மாடல் கிளாஸ்களைத் தொடாதே என்று ஆர்8-க்குச் சொல்லும் கீப் ரூல் எழுதிவிடுங்கள்.

மற்றபடி, அரே செல்லாது, லிஸ்ட் வேண்டும். மேப்பின் கீ ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும். ஒரு டாக்குமென்ட் 1 எம்ஐபி-யைத் தாண்டக் கூடாது.