மழைக்குச் சிக்கும் சன்னல்

மாணவர்களே, மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்து வீட்டின் மரச்சன்னல் திறக்க மறுக்கிறதா? மரத்திலுள்ள செல்லுலோஸ் நீர் மூலக்கூறுகளை ஈர்க்கும். ஈரம் ஏறிய பலகை அகலவாக்கில் உப்பி, சட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

வினைல் சன்னலுக்கு, அதாவது யூபிவிசிக்கு, மாறலாமா? அது நீரை உறிஞ்சாது, கறையானும் அரிக்காது. ஆனால், வெப்பத்தில் நீளும். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 1 மீட்டர் சட்டம் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். மரம் நார் ஓடும் திசையில் இதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. எனவே, சுற்றிலும் இடைவெளி விட்டுப் பொருத்தாவிட்டால் வினைல் சட்டம் வளைந்துவிடும்.

“பகாவ் பக்கமெல்லாம் ரப்பர் மரம் இருக்கிறதே, அதில் செய்தால் என்ன, சார்?” வகுப்பில் வரும் நல்ல கேள்வி இது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சைக்கும் துளைக்கும் வண்டுக்கும் அது விருந்து. அதனால்தான் அறுத்த பலகையில் போரான் உப்பை ஏற்றி உலர்த்துகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் மேசை நாற்காலிக்கு அது போதும். சன்னலில் மழை பட்டால் உப்பு கரைந்து வெளியேறிவிடும்.

செங்கால் மரம் உறுதியானது, விலைதான் அதிகம். வீட்டில் பழைய செங்கால் சட்டம் உளுக்காமல் இருந்தால், மாற்ற வேண்டாம் என்பேன். உப்பிய கதவை வெயில் நாளில் இழைத்துச் சாயம் பூசுங்கள். பலகையின் வெட்டுமுனைகளை மறக்காதீர்கள்; நீர் விரைவாக ஏறுவது அங்கேதான்.